முன் பிரேக் பயம் போக வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

இருசக்கர வாகன விபத்துகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே தலைக்கவசம், வேகம், குடிபோதை என்று மூன்றையும் சொல்லி முடித்துவிடுகிறோம். சொல்ல வேண்டியவைதான். ஆனால் தலைக்கவசம் போட்டு நிதானமாக வருபவரின் குறுக்கே திடீரென்று ஒரு கார் திரும்பினால், அவருடைய கையும் காலும் என்ன செய்யும் என்பதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

நான் பைக் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடித்துவிடும்" என்று கேட்டு வளர்ந்தவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். அக்கறையோடு சொல்லப்படும் இந்த அறிவுரை உயிருக்கே ஆபத்தானது. பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்பக்கம் போகிறது. முன் டயருக்குப் பிடிப்பு கூடுகிறது, பின் டயருக்குக் குறைகிறது. அந்த நேரத்தில் பின் பிரேக்கை மட்டும் ஓங்கி மிதித்தால் சக்கரம் சுழலாமல் லாக் ஆகி வண்டி சறுக்கும். 60 கி.மீ. வேகத்தில், காய்ந்த தார்ச்சாலையில், இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடிப்பவர் சுமார் 20 மீட்டரில் நின்றுவிடலாம். பின் பிரேக்கை மட்டும் நம்புபவருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் தேவை. ஆபத்தைக் கண்டு பிரேக் பிடிப்பதற்குள் ஒரு நொடி போனாலே 17 மீட்டர் போய்விடுகிறது, அது தனிக்கணக்கு.

முன் பிரேக் ஆளைக் கீழே தள்ளுவது, அதை வெடுக்கென்று பிடிக்கும்போதும், வளைவில் சாய்ந்திருக்கும்போதும், மணலிலும்தான். முதலில் மெல்ல அழுத்தி, பாரம் முன்னால் வந்ததும் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இதை ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடலாம். விரல்களுக்குப் பழகத்தான் காலி மைதானமும் பொறுமையும் வேண்டும். வண்டியில் உள்ள ஏபிஎஸ் என்ற பிரேக் அமைப்பு, சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்ளும், சரி. முன் பிரேக்கைத் தொடவே பயப்படுபவருக்கு அதனால் என்ன பயன்?

அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்து 1981-இல் அறிக்கை வெளியிட்டது. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாங்களாகவோ குடும்பத்தார், நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். பெரும்பாலானோர் பின் சக்கரத்தைச் சறுக்கவிட்டு, முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்காமல் விட்டிருந்தார்கள். தப்பிக்கக் கிடைத்த அவகாசம் பொதுவாக இரண்டு நொடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் யோசித்துச் செய்ய முடியாது, பழகியதைத்தான் உடம்பு செய்யும்.

விலகித் தப்புவதும் பயிற்சிதான். ஓடும் வண்டியை இடது பக்கம் சாய்க்க, ஹேண்டில்பாரின் இடது பக்கத்தை முன்னோக்கித் தள்ள வேண்டும். கண் தடையின் மேல் நிலைத்தால் வண்டியும் அங்கேயே போகும். எனவே போக வேண்டிய இடைவெளியைப் பார்க்கப் பழக வேண்டும்.

இவற்றில் எதையும் சோதிக்காமல், மெதுவாக எட்டு போட்டுக் காட்டினாலே உரிமம் தரும் இடங்கள் இன்னும் பல உள்ளன. எட்டு போடுவது கிளட்ச்சையும் சமநிலையையும் காட்டும், அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் மோட்டார் சைக்கிள் தேர்வுக்குப் போகிறவர் குறைந்தது 50 கி.மீ. வேகத்தில் அவசர பிரேக் பிடித்துக் காட்ட வேண்டும். அதே வேகத்தில் ஒரு தடையை விலகியும் காட்ட வேண்டும். இப்படிப்பட்ட தேர்வு எல்லா இடங்களிலும் வர வேண்டும். அதற்கு முன் பயிற்சியாளரின் மேற்பார்வையில் பிரேக் பயிற்சியைக் கட்டாயமாக்க வேண்டும். ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவர்களும் வந்து பழகப் பாதுகாப்பான மைதானங்களைத் திறந்துவிட வேண்டும். உங்கள் இதழ் இதைத் தொடர்ந்து வலியுறுத்தி எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பைக் பயிற்சியாளர்