'ஆபத்து' என்ற ஒற்றைச் சொல் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களின் மருத்துவச் செய்திகளில் ஒரு சொல் வறட்சி தெரிகிறது. திடீரென்று யார் இறந்தாலும் 'மாரடைப்பு'. எந்த மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டாலும் 'அலர்ஜி'. கெடுதல் செய்யும் பொருள் எதுவானாலும் 'ஆபத்து'. நோவு, நோய், பிணி, நலிவு, கோளாறு, குறைபாடு, ஊறு, கேடு, தீங்கு, நஞ்சு என்று இத்தனை சொற்களை வைத்துக்கொண்டிருக்கும் மொழி நம்முடையது. மருத்துவச் செய்தியில் ஒரு சொல்லைப் படித்தவர் அதை வைத்து ஏதோ ஒன்றைச் செய்கிறார்: ஆம்புலன்ஸை அழைக்கிறார், மாத்திரையை நிறுத்துகிறார், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுகிறார். சொல் தவறினால் செயலும் தவறுகிறது.

முதலில் இதயம். மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. சொல்லிலேயே 'அடைப்பு' இருக்கிறது, நல்ல சொல். அடைபட்டவர் பெரும்பாலும் நினைவோடு இருப்பார். மார்பு அழுத்தும், வியர்த்துக் கொட்டும், வலி கைக்கோ தாடைக்கோ பரவும், ஆனாலும் பேசுவார். அவரை உட்காரவைத்து உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். இதயத் துடிப்பு நின்றுபோவது வேறு. அதில் சில நொடிகளிலேயே ஆள் நினைவிழந்து சரிந்துவிடுவார். மூச்சு நின்றுவிடும் அல்லது எப்போதாவது ஒருமுறை திணறி இழுக்கும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, விழுந்த இடத்திலேயே அவர் நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும்: மார்பின் நடுவில், 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுதாக மேலெழ விட்டு. அடைப்பினால் துடிப்பு நிற்கலாம் என்பது உண்மை. ஆனால் இரண்டையும் 'மாரடைப்பு' என்றே எழுதிப் பழக்கினால், நினைவிழந்து கிடப்பவரைக் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடத்தான் மக்கள் கற்றுக்கொள்வார்கள். அந்தப் பயண நேரத்தில் மூளைக்கு இரத்தம் போகவே போகாது. மருத்துவர் காரணம் சொல்லும்வரை 'திடீரென்று இறந்தார்' என்று எழுதினால் போதும்.

இதோடு ஒட்டிய இன்னொரு சொல் 'இதயச் செயலிழப்பு'. படிப்பவர் காதில் இது இதயம் நின்றுவிட்டது போலவே விழுகிறது. உண்மையில் இதயம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உடம்புக்குத் தேவையான அளவு இரத்தத்தைத் தள்ள வலுவில்லாமல் போயிருக்கிறது. கால் வீங்கும், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும், நாலு படி ஏறினால் இளைக்கும். மருந்தோடு பல ஆண்டுகள் வாழ்பவர்கள் உண்டு. மருத்துவச் சீட்டில் இந்தச் சொல்லைப் பார்த்ததுமே நம்பிக்கையைக் கைவிடும் குடும்பங்களுக்காகவாவது 'இதயத் திறன் குறைவு' என்று எழுதலாம்.

'இரத்தக் கொதிப்பு' என்ற சொல்லையும் கைவிட வேண்டுகிறேன். கொதிப்பு என்றதும் கோபம், படபடப்பு, தலைச்சூடு என்று மனம் போகிறது. 140/90-க்கு மேல் அழுத்தம் தொடர்ந்து இருக்கும் பலருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. 'இப்போதெல்லாம் நான் கோபப்படுவதே இல்லை, அதனால் மாத்திரையை விட்டுவிட்டேன்' என்ற பேச்சு இந்தச் சொல்லிலிருந்துதான் பிறக்கிறது. 'உயர் இரத்த அழுத்தம்' என்பது நீளமாக இருந்தாலும் நேர்மையான சொல். பக்கவாதமும் இப்படித்தான். ஒரு பக்கம் கை கால் விழுந்தால்தான் அது என்று பலர் நினைத்திருக்கிறார்கள். பேச்சுக் குழறல், வாய் ஒருபுறம் கோணுதல், பார்வை திடீரென்று மறைதல் ஆகியவையும் அதன் முகங்கள்தாம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி தொடக்கத்திலிருந்து சுமார் நாலரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும். அதுவும் மூளையில் கசிவு இல்லை என்று ஸ்கேன் பார்த்த பிறகே. அதனால் செய்தியில் இந்தச் சொல் வரும் இடத்திலெல்லாம் 'மூளை இரத்தக்குழாய் அடைப்பு' அல்லது 'மூளை இரத்தக் கசிவு' என்று காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

மேற்சொன்னவை அச்சில் வந்த சொற்கள். நோயாளி வாயிலிருந்து வரும் சொற்கள் இதைவிட நுட்பமானவை. அவற்றை நாம் திருத்தப்போய்க் கெடுத்துவிடுகிறோம். 'மயக்கமா வருது' என்பதற்குக் குறைந்தது நான்கு பொருள் உண்டு. சுற்றியுள்ளவை சுழல்வது ஒன்று. இது பெரும்பாலும் உட்காதுக் கோளாறு. எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக் கிறுகிறுப்பது இன்னொன்று. இரத்த அழுத்தம் தாழ்ந்திருக்கலாம். உண்மையிலேயே நினைவு தப்பி விழுவது மூன்றாவது. அதற்கு இதயத் துடிப்பின் ஒழுங்கையும் பார்க்க வேண்டும். எழுப்ப எழுப்பத் தூங்கி வழிவது நான்காவது. சர்க்கரை தாழ்ந்ததாலோ மாத்திரை அளவு மீறியதாலோ வரக்கூடியது. 'மயங்கினார்' என்று மட்டும் எழுதினால் இந்த நான்கும் கரைந்துபோகின்றன.

வலிக்கும் அப்படியே. குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், இசிவு, பிசைவு, விண்விண்ணென்று தெறித்தல் என்று பேச்சுத்தமிழ் பிரித்துவைத்திருப்பது ஒரு பாதி நோயறிதல். மூச்சை இழுக்கும்போது மட்டும் குத்தினால் நுரையீரல் உறையையோ விலாத் தசையையோ நினைக்கலாம். பாறாங்கல்லை ஏற்றிவைத்ததுபோல் மார்பு அழுத்தினால் இதயத்தை முதலில் பார்க்க வேண்டும். விட்டுவிட்டு இழுத்துப்பிடித்தால் குடலோ சிறுநீர்க்குழாயோ. பாத எரிச்சல் நரம்பைக் காட்டுகிறது, விண்விண்ணென்று தெறிப்பது சீழைக் காட்டலாம். கேள்வி-பதில் பகுதிக்கு வாசகர் 'குடைச்சல்' என்று எழுதியிருந்தால் அதை 'வலி' என்று மாற்றாமல் அப்படியே அச்சிடுங்கள். மாற்ற வேண்டிய சொல் ஒன்று உண்டென்றால் அது 'வாயுப் பிடிப்பு'. என்ன உணர்கிறார் என்பதை விட்டுவிட்டு முடிவை மட்டும் சொல்வது அது; மார்பில் வரும் அழுத்தத்துக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டு விடியும்வரை காத்திருப்பவர்கள் உண்டு. இலங்கை வாசகர்களுக்கு 'வருத்தம்' என்றாலே நோய் என்பதையும் பக்கம் பார்ப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி, தீங்கு செய்பவை. 'கிருமிநாசினி' என்ற சொல் தரை கழுவும் திரவத்துக்கும் வருகிறது, விழுங்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரைக்கும் வருகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் கூடவே கூடாது. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவுக்கு மட்டும்தான். சளி, ஃபுளூ போன்றவை வைரஸால் வருபவை, அவற்றை அது தொடாது. 'கிருமி' என்று பொதுவாக எழுதும்போது இந்த வேறுபாடு காணாமல் போகிறது.

'உணவு விஷமானது' என்ற தலைப்பைப் பார்த்தால் யாரோ கலந்தது போலிருக்கிறது. பெரும்பாலும் அது பாக்டீரியா, வைரஸ் போன்ற கிருமிகளின் வேலை. 'கெட்ட உணவால் வாந்தி, பேதி' என்று எளிமையாக எழுதலாம். அதிலும் கவனிக்க ஒன்று உண்டு. ஸ்டஃபிலோகாக்கஸ் என்னும் பாக்டீரியா உணவில் விட்டுச்செல்லும் நச்சு சூட்டில் அழியாது. மறுபடி கொதிக்கவைத்தால் பாக்டீரியா சாகும், நச்சு அப்படியே இருக்கும். சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கிவிடும். கிருமி வேறு, நச்சு வேறு என்று எழுதினால்தான் 'நன்றாகச் சூடாக்கிவிட்டோமே' என்பதன் பிழை வாசகருக்குப் புரியும்.

வேதிப்பொருள் லேபிள்களுக்கு ஐ.நா. வகுத்த உலகப் பொது முறையில் தீங்கின் சொற்களுக்குப் படிகள் உண்டு. சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவு உடல் எடை ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை என்றால் 'விழுங்கினால் உயிரைக் குடிக்கும்'. 50 முதல் 300 வரை 'விழுங்கினால் நச்சு'. 300 முதல் 2,000 வரை 'விழுங்கினால் தீங்கு'. 2,000 முதல் 5,000 வரை 'விழுங்கினால் தீங்கு விளையலாம்'. முதல் இரண்டுக்கும் மண்டையோட்டுப் படமும் 'அபாயம்' என்ற சொல்லும். பின்னிரண்டுக்கும் 'எச்சரிக்கை' மட்டும், மண்டையோடு இல்லை. இந்த நான்கையும் 'ஆபத்தானது' என்று ஒரே சொல்லில் மொழிபெயர்ப்பது பெரும்பிழை. எல்லாப் புட்டியிலும் ஒரே சொல்லைப் பார்த்தவர் ஒரு நாள் எதையுமே படிக்கமாட்டார்.

அளவோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது 'புற்றுநோயை உண்டாக்கும்' என்ற தொடரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் பதப்படுத்திய இறைச்சியை முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலைப் புகையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அந்தப் பிரிவு சான்று எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிறது. தீங்கு எவ்வளவு பெரிது என்பதைச் சொல்லவில்லை. நாளுக்கு 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்று வரும் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடும் என்பதே அன்று தரப்பட்ட கணக்கு. புகைப்பவரின் நுரையீரல் புற்று வாய்ப்போ பல மடங்கு. 'தீங்கு செய்யும் தன்மை' ஒன்று, 'தீங்கு நேரும் வாய்ப்பு' மற்றொன்று. தலைப்பில் எதைச் சொல்கிறோம் என்று பார்த்து எழுத வேண்டும்.

கடைசியாக 'அலர்ஜி'. தோல் தடித்து அரித்தல், உதடும் முகமும் வீங்குதல், மூச்சு இழுப்பு ஆகியவை ஒவ்வாமை. வயிற்றைப் பிரட்டுவது பெரும்பாலும் பக்கவிளைவு. அளவு மீறியதால் வருவது நச்சு விளைவு: பாராசிட்டமால் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது, சளி மாத்திரைகளிலும் அது கலந்திருக்கும், ஈரல் கெடத் தொடங்கிய முதல் நாளில் வெளியே எதுவும் பெரிதாகத் தெரியாது. பெனிசிலின் வயிற்றைக் கலக்கியதை ஒருவர் 'அலர்ஜி' என்று சொல்லிவைத்தால், பின்னால் அந்த மருந்தே தேவைப்படும் நோயில் மருத்துவர் வேறொன்றைத் தேட வேண்டியிருக்கும். எனவே கேள்வி அனுப்பும் வாசகர்களிடம் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணி நேரம் கழித்து, உடம்பில் என்ன தெரிந்தது என்று நான்கு விவரங்களைக் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
மருத்துவக் கட்டுரைகளைத் தமிழாக்கும் ஒரு வாசகர்