உப்பங்கழிக்குள் போகாத படகுப் பயணம்: முழுக் கட்டணத்தையும் திருப்பித் தரக் கோரி

மேலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

இது என் நான்காவது கடிதம். முந்தைய மூன்றுக்கும் "உங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே பதில்தான் வந்தது. தயவுசெய்து இதையாவது யாராவது படியுங்கள்.

போன மாதம் பௌர்ணமிக்கு மறுநாள் உங்கள் பாய்மரப் படகில் குடும்பமாக நான்கு பேர் வந்தோம். காலை 8 மணிக்குக் கிளம்பி, கரையோரமாகவே போய், முகத்துவாரம் வழியாக உப்பங்கழிக்குள் நுழைந்து, அலையில்லாத தண்ணீரில் மூன்று மணி நேரம் இருந்துவிட்டு 5 மணிக்குள் திரும்புவது என்றுதான் சொல்லி விற்றீர்கள். அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் பணம் கட்டினேன். அம்மாவுக்கு 72 வயது, அலை ஒத்துக்கொள்ளாது. "வழியில் கொஞ்சம் பொறுத்துக்கோம்மா, உள்ளே போய்விட்டால் குளம் மாதிரி இருக்கும்" என்று சொல்லித்தான் கூட்டிவந்தேன்.

முகத்துவாரத்தை நெருங்கும்போது மணி பதினொன்றரை. கடல் வற்றிக்கொண்டிருந்தது. மணல்திட்டின் மேல் ஒரு மீட்டர் தண்ணீர்கூட இல்லை என்றார் படகோட்டி. உங்கள் படகின் அடிப்பகுதி ஒன்றரை மீட்டருக்கும் கீழே இறங்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? உள்ளிருந்து வடிந்த நீரும் வெளியிலிருந்து வந்த அலையும் திட்டின் மேல் மோதிச் செங்குத்தாக எழுந்து உடைந்தன. உள்ளே போக முடியாது என்று அவர் மறுத்தது சரியே. அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பாயை இறக்கி நங்கூரம் போட்டார். பாய் விரித்திருந்தவரை ஒரு பக்கம் சாய்ந்து நிதானமாகப் போன படகு, பாய் இறங்கியதும் இரண்டு பக்கமும் புரள ஆரம்பித்தது. இரண்டு மணி நேரம்! திட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் அசையாமல் கிடந்தது. இந்தப் பக்கம் அம்மா வாந்தி எடுத்து எடுத்துச் சுருண்டு படுத்துவிட்டார்.

இதைச் சொல்லிப் பணத்தைக் கேட்டபோது உங்கள் வாடிக்கையாளர் சேவை ஊழியர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கடல்ல தண்ணி எப்ப ஏறும்னு நாங்க என்ன ஜோசியமா சார் பார்க்க முடியும்?" நான் பதில் சொல்லும் முன் போனை வைத்துவிட்டார்.

ஜோசியம் எதற்கு? கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று சொல்லும் ஓத அட்டவணை ஒரு வருடத்துக்கு முன்பே கிடைக்கிறது. ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம், அதனால் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். நீங்களோ தினமும் 8 மணிக்கே கிளப்புகிறீர்கள். பௌர்ணமியை ஒட்டிக் கடல் வற்றுவதும் அதிகமாக இருக்கும். அன்று நண்பகலில்தான் தண்ணீர் முழுதாக வற்றும் நேரம், அடுத்த ஏற்றம் மாலை 6 மணிக்கு மேல். அதாவது அந்தப் படகு அன்று கழிக்குள் போயிருக்கவே முடியாது. என்னிடம் பணம் வாங்கிய நாளிலேயே உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். முன்பதிவின்போது தேதியைச் சொல்லிக் கேட்டேனே, "கண்டிப்பா உள்ளே போகும்" என்றீர்களே!

அப்புறம், அசல் ரசீதோடு நேரில் வரச் சொன்னீர்கள். வேலைக்கு விடுப்புப் போட்டு வந்தேன். அலுவலகம் பூட்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை திறப்பதில்லை என்று காவலாளிதான் சொன்னார். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னதே உங்கள் ஆள்தான்.

அடுத்த பயணத்தில் பாதிக் கட்டணம் கழிக்கிறோம் என்கிறீர்கள். அம்மா இனி எந்தப் படகிலும் ஏற மாட்டார். பத்து வருட ஆசை அவருக்கு. அது அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரேயடியாகப் போய்விட்டது, எதைக் கொடுத்தும் உங்களால் ஈடுகட்ட முடியாது.

உங்களோடு சண்டை போடுவது என் நோக்கமில்லை. நான்கு பேரின் முழுக் கட்டணத்தையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தாருங்கள். புறப்படும் நேரத்தை ஓதத்துக்கு ஏற்ப மாற்றுங்கள், முடியாத நாட்களில் முன்பதிவு வாங்காதீர்கள். ஜோசியம் என்று சொன்னவர் என் அம்மாவிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால் ரசீது, அன்றைய ஓத அட்டவணை, என் நான்கு கடிதங்கள் எல்லாவற்றோடும் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். அழைப்புகளின் தேதியும் நேரமும் குறித்து வைத்திருக்கிறேன்.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள். தொலைபேசியில் வேண்டாம்.

இப்படிக்கு,
அன்று உங்கள் படகில் வந்த பயணி