அந்தப் பெண் நேற்று என்ன சாப்பிட்டாள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண் விளையாட்டு வீராங்கனைகளின் கருத்தரிப்புச் சிக்கல் பற்றிச் சென்ற மாத இதழில் வந்த கட்டுரை, கிழித்து மடித்த ஒரு தாளாக என் கைக்கு வந்தது. எங்கள் ஊர் கிரவுண்டில் என்னிடம் 1500 மீட்டர் பழகும் பதினாறு வயதுப் பெண்ணின் அம்மா அதைக் கொண்டுவந்தார். "டீச்சர், இனிமே இவளை அனுப்ப மாட்டேன். நாளைக்கு ஒரு புள்ள இல்லைன்னா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார். கடுமையான பயிற்சி கருத்தரிக்கும் திறனைப் பாதிக்கும் என்ற வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தார்.

அந்த வரி பொய் இல்லை. ஆனால் பாதியில் நிற்கிறது. மீதிப் பாதியை எழுதத்தான் இந்தக் கடிதம்.

நான் முப்பது வருடம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அதற்கு முன் நானும் நெடுந்தூரம் ஓடியவள்தான். கல்லூரியில் படித்த காலத்தில் எனக்குப் பதினான்கு மாதம் தொடர்ந்து மாதவிலக்கு வரவில்லை. எனக்குச் சந்தோஷம்தான். ஹாஸ்டலில் துணி அலசிக் காயப்போடும் தொல்லை இல்லை, போட்டி நாளில் பயம் இல்லை. உடம்பு நன்றாகப் பழகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று சீனியர் அக்காக்கள் சொன்னார்கள். கோச் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காலில் எலும்பில் மயிரிழை விரிசல் வந்து இரண்டு மாதம் படுத்தபோதுகூட யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகும் இலாகா அணிக்காக ஓடினேன். மூன்று வருடம் குழந்தை இல்லை. வீட்டில் எல்லோரும் ஓட்டத்தின் மேல்தான் பழியைப் போட்டார்கள். ஊரில் பார்த்த மருத்துவர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை தின்றால் வரும், விட்டால் நின்றுவிடும். பிறகு வேறு ஊரில் பார்த்த ஒரு வயதான டாக்டரம்மா ஸ்கேன் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, "நேத்து காலையில இருந்து என்னென்ன சாப்பிட்டேன்னு சொல்லும்மா" என்றார். என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். பயிற்சியைப் பாதியாக்கி, சாப்பாட்டைக் கூட்டச் சொன்னார். நான்கு கிலோ ஏறியது. ஐந்தாம் மாதம் தானாக மாதவிலக்கு வந்தது. அடுத்த வருடம் என் மகள் பிறந்தாள்.

அன்று எனக்குப் புரியாத காரணம் இப்போது தெளிவாகத் தெரிந்திருக்கிறது. மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, விட்டுவிட்டு ஒரு சமிக்ஞை அனுப்புகிறது. அந்தத் துடிப்பு ஒழுங்காகப் போனால்தான் பிட்யூட்டரி சுரப்பி வேலை செய்யும், சினைப்பையில் கருமுட்டை முதிரும், ஈஸ்ட்ரோஜன் சுரக்கும். சாப்பிடுவது குறைந்து, செலவழிப்பது கூடினால் அந்தத் துடிப்பு மெதுவாகிவிடுகிறது. வீட்டில் அரிசி குறைந்தால் விருந்துக்கு அழைப்பதை நாம் தள்ளிப்போடுவதில்லையா, உடம்பும் அதைத்தான் செய்கிறது. இதயத்துக்கும் மூளைக்கும் முதலில் கொடுக்கிறது, கர்ப்பத்தைத் தள்ளிப்போடுகிறது.

இதில் ஓட்டத்தின் பங்கு எவ்வளவு, பசியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தவர் ஒஹாயோ பல்கலைக்கழகத்தின் ஆன் லூக்ஸ். பயிற்சிக்குச் செலவாகும் சக்தியைச் சாப்பாட்டில் ஈடுகட்டினால், அந்த ஹார்மோன் துடிப்பு கெடுவதில்லை என்று அவருடைய பரிசோதனைகள் காட்டின. அமெரிக்காவில் குரங்குகளை வைத்தும் பார்த்தார்கள். தினமும் ஓடவைத்ததில் அவற்றுக்கு மாதவிலக்கு நின்றது. ஓட்டத்தைக் குறைக்காமல் சாப்பாட்டை மட்டும் கூட்டினார்கள், திரும்ப வந்துவிட்டது. இதன் முடிவுகள் 2001இல் வெளிவந்தன. அந்த அம்மாவிடம் நான் முதலில் சொன்னது இதைத்தான்.

அப்புறம் நேற்று என்னென்ன சாப்பிட்டாய் என்று பெண்ணிடம் கேட்டு, கோடு போட்ட அந்தத் தாளையே திருப்பிவைத்து, ஓரத்து வெள்ளையில் எழுதத் தொடங்கினேன். பெண் முதலில் வாய் திறக்கவில்லை, பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். காலை ஐந்து மணிக்கு வரக்காப்பி. ஓடிவிட்டு வந்து இரண்டு இட்லி. மதியம் டப்பாவில் கொண்டுபோன சாம்பார் சாதத்தில் பாதி. மீதியைத் தோழிக்குக் கொடுத்துவிட்டாள். சாயங்காலம் ஒரு வாழைப்பழம், கொஞ்சம் சுண்டல். ராத்திரி இரண்டு தோசை. முட்டை வேண்டாமாம், எடை போடுமாம். "வெயிட் குறைஞ்சா டைமிங் வரும்னு சொன்னாங்க டீச்சர்" என்றாள். யார் சொன்னது என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். கடைசியாக எப்போது தலைக்கு ஊற்றினாய் என்றேன். ஐந்து மாதம் ஆகிறதாம். என்னிடமே மறைத்திருக்கிறாள். அவளுடைய அம்மாவுக்கும் அன்றுதான் தெரியும். நான் தினமும் பார்க்கிற பெண் இவள். எனக்கு நேர்ந்ததை மறக்காத நானே கேட்கத் தவறியிருக்கிறேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

கணக்கைச் சொல்கிறேன். கொழுப்பை நீக்கிய உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, பயிற்சிக்குச் செலவானது போக, நாளொன்றுக்கு 45 கலோரி மிஞ்சினால் உடம்பு சௌகரியமாக இருக்கும். அது 30க்குக் கீழே போனால் ஹார்மோன்கள் தடுமாறத் தொடங்கும். ஆளுக்கு ஆள் இது கொஞ்சம் மாறலாம். இந்தப் பெண்ணுக்குக் கொழுப்பு நீங்கலாக 40 கிலோ என்று வையுங்கள். 45 வீதம் 1800 கலோரி, தினமும் ஓடும் பத்து கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 500, ஆக 2300 வேண்டும். அவள் சொன்ன சாப்பாடு என் கணக்கில் 1300ஐத் தாண்டவில்லை. ஓட்டத்துக்குப் போக மிச்சம் 800, கிலோவுக்கு 20. இதில் கருப்பை எங்கே போய் வேலை செய்யும்?

பெண் பெரியவளானால் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் ஊற்றி, கருப்பட்டி போட்டு ஊட்டுகிறோம். பச்சை முட்டை கொடுக்கிறோம். இந்த வயதில் இடுப்புக்கும் எலும்புக்கும் வலு ஏற வேண்டும் என்று நம் பாட்டிகளுக்குத் தெரிந்திருந்தது. எலும்பின் வலுவில் பெரும்பகுதி இருபது வயதுக்குள்ளாகத்தான் சேர்கிறது, அதற்கு ஈஸ்ட்ரோஜன் வேண்டும். அதே பெண் மூன்று வருடம் கழித்து ஓட்டத்துக்கான ஸ்பைக்ஸ் ஷூ மாட்டினால் அவளைப் பட்டினி போடுகிறோம். இது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

இது ஏழை வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவின் மேரி கெய்ன் பதினேழு வயதில், 2013இல், உலகத் தடகளப் போட்டியில் 1500 மீட்டர் ஓடியவர். பணத்துக்கும் வசதிக்கும் குறைவில்லாத நைக்கி பயிற்சிக் குழுவில் சேர்ந்தார். மெலிய வேண்டும், இன்னும் மெலிய வேண்டும் என்று தன்னை வற்புறுத்தியதாகவும், மற்றவர்கள் முன்னால் எடை பார்த்ததாகவும் 2019இல் வெளிப்படையாகச் சொன்னார். மூன்று வருடம் தனக்கு மாதவிலக்கு வரவில்லை, ஐந்து எலும்புகள் முறிந்தன என்றார். பயிற்சியாளர் தன் மேல் சொன்னவற்றை மறுத்தார். நான் கவனித்தது வேறு விஷயம். அத்தனை பெரிய இடத்தில் மூன்று வருடம் ஒரு பெண்ணுக்கு மாதவிலக்கு இல்லை என்பது எப்படிக் கவனிக்கப்படாமல் போகும்? 2014இலேயே சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடு இல்லாமல் வரும் இந்தக் கோளாறுக்கு ஒரு பெயரே வைத்து, பயிற்சியாளர்களும் மருத்துவர்களும் இதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது.

ஓடினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்ற பயம் நம் ஊரில் மட்டும் இருந்ததல்ல. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் நடந்தது. ஓடியவர்கள் களைத்து விழுந்ததைப் பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்க, அந்தப் பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள். திரும்ப நடந்தது 1960இல், ரோமில். 32 வருடம்! அந்த இடைவெளியில்தான் இரண்டு குழந்தைகளுக்குத் தாயான ஃபேனி பிளாங்கர்ஸ் கோயன் 1948இல் லண்டனில் நான்கு தங்கம் வாங்கினார். மேரி கோமுக்கு 2007இல் இரட்டைப் பிள்ளைகள், 2008இல் உலகச் சாம்பியன். நம் பி.டி. உஷா தாயான பிறகு 1998இல் ஃபுகுவோகா ஆசியத் தடகளத்தில் பதக்கம் வாங்கினார். இவர்களையும் உங்கள் கட்டுரை சொல்லியிருந்தால் அந்த அம்மா இப்படிப் பயந்திருக்க மாட்டார்.

அதற்காகப் பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்ல மாட்டேன். மாதவிலக்கு மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டாலோ, பதினைந்து வயதாகியும் பெண் பெரியவளாகாவிட்டாலோ மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி என்று வேறு காரணங்களும் உண்டு. எல்லாவற்றையும் ஓட்டத்தின் தலையில் கட்டிவிட்டால் அவை தப்பிவிடும். மாத்திரை போட்டு வரவைப்பதை மட்டும் குணமென்று நம்ப வேண்டாம். அது மாத்திரையால் வரும் இரத்தப்போக்கு. உடம்பு தானாக மீண்டதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. கல்யாணமான வீராங்கனைகளுக்கும் ஒன்று: மாதவிலக்கு நின்றிருப்பதால் கரு தங்காது என்று நினைக்காதீர்கள். விலக்கு திரும்புவதற்கு முன்பே கருமுட்டை வெளிவரலாம்.

ஆண் கோச்சுகளுக்குக் கேட்கக் கூச்சமாக இருக்கும், புரிகிறது. டைமிங் எழுதும் நோட்டிலேயே தேதிக்கு ஒரு கட்டம் போட்டு, பெண்களே டிக் அடிக்கும்படி விட்டுவிடுங்கள். வாய் திறந்து கேட்கவே வேண்டாம். விளையாட்டு விடுதிகளில் காலைப் பயிற்சி முடிந்த அரை மணிக்குள் ஏதாவது வயிற்றுக்குள் போகட்டும். வேர்க்கடலை, கடலை மிட்டாய், வாழைப்பழம், பால் போதும். நான் ஓடிய காலத்தில் பயிற்சி முடிந்து குளித்துவிட்டு வருவதற்குள் மெஸ்ஸை மூடிவிடுவார்கள்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது ஓட்டம் வாரத்துக்கு மூன்று நாள்தான். மருத்துவரிடம் காட்டியாகிவிட்டது, வேறு கோளாறு இல்லை என்று சொன்னார்கள். காலையில் வரக்காப்பிக்குப் பதில் பாலும் இரண்டு பேரீச்சம்பழமும். அவளுடைய அம்மா மதியத்துக்கு இரண்டு டப்பா கொடுத்துவிடுகிறார், ஒன்று தோழிக்கு. மாதவிலக்கு இன்னும் வரவில்லை. சில மாதம் ஆகலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

உங்கள் கட்டுரையைக் கிழித்து வைத்திருக்கும் அம்மாக்கள் வேறு ஊர்களிலும் இருப்பார்கள். அதனால் இந்தக் கடிதத்தைச் சுருக்காமல், முடிந்தால் அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியை (ஓய்வு),
திண்டுக்கல் மாவட்டம்