லாக் வீங்குதுன்னு எழுதியிருந்தியே

மக்கா,

சொகமா இருக்கியா, வீட்ல எல்லாரும் எப்பிடி? இங்க தக்கலையில மழை விட்ட பாடில்ல, ரப்பர் வெட்டு நின்னு போச்சு, இருக்கிற ஷீட்டும் காயமாட்டேங்குன்னு அப்பா ஒரே புலம்பல். தங்கச்சிக்கு மார்த்தாண்டம் பக்கம் ஒரு சம்பந்தம் வந்திருக்கு, கொள்ளாம், அத நேர்ல சொல்லுதேன்.

உன் விஷயத்துக்கு வாறேன். குளம், கால்வாய் மேப்புக்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல போஸ்ட்ஜிஐஎஸ்ங்கிற மேப் எக்ஸ்டென்ஷனை (கூடுதல் வசதி) போட ஒரே ஒரு கிரியேட் எக்ஸ்டென்ஷன் கமாண்டு தானே அடிச்சேன், லாக் ஃபைல் ஏன்டே இப்பிடி வீங்குதுன்னு கேட்டிருந்த. நீ அடிச்சது ஒரு வரிதான், ஆனா உள்ள ஓடுறது பெரிய ஸ்கிரிப்ட், ஃபங்ஷன், டைப், ஆப்பரேட்டர்னு நூத்துக்கணக்குல உருவாக்கிகிட்டே போவும், ஆரு என்ன செஞ்சான்னு பதிவு பண்ணுற பிஜிஆடிட்ல டிடிஎல் (டேபிள், ஃபங்ஷன் உருவாக்குற, மாத்துற கமாண்டுக) இல்லன்னா ஆல் (எல்லாம்) வச்சிருந்தா அது ஒண்ணு விடாம எழுதும், கூடவே ஸ்டேட்மெண்ட் டெக்ஸ்ட்டையும் லாக்ல கொட்டும், பின்ன வீங்காம என்ன செய்யும். போஸ்ட்கிரெஸோட சொந்த லாக்_ஸ்டேட்மெண்ட் அப்பிடி இல்ல கேட்டியா, அது நீ அனுப்புன கமாண்டை மட்டும்தான் எழுதும்.

அதனால பிகின் போட்டு, செட் லோக்கல்ல (அந்த டிரான்ஸாக்ஷனுக்கு மட்டும் செட்டிங் மாத்துறது) பிஜிஆடிட்.லாக்கை நன் (ஒண்ணும் எழுதாண்டாம்) ஆக்கு, அடுத்து செட் லோக்கல்லயே லாக்_ஸ்டேட்மெண்டை டிடிஎல் ஆக்கு, பொறவு கிரியேட் எக்ஸ்டென்ஷன், கமிட். எல்லாம் தனித்தனியா அனுப்பணும், ஒரே ஸ்டிரிங்கா ஒட்டி அனுப்பிராத. கமிட் ஆனதும் பழைய செட்டிங் தானா வந்துரும், லாக்ல எக்ஸ்டென்ஷனுக்கு ஒரு வரி மட்டும் நிக்கும். ஆடிட்டருக்கு ஆரு, எப்ப, எந்த எக்ஸ்டென்ஷன் போட்டான்னு தெரிஞ்சா போதும், எஸ்டி_பஃபர் ஃபங்ஷன் உருவாச்சு எஸ்டி_யூனியன் ஃபங்ஷன் உருவாச்சுன்னு உக்காந்து படிக்க ஆருக்கு நேரம். ரெண்டு செட்டிங்கும் சூப்பர்யூசரோ, அதுக்குன்னு அனுமதி குடுத்தவனோதான் மாத்த முடியும், அது நல்லதுதான், இல்லன்னா ஆடிட்டுன்னு சொல்லுறதுக்கே அர்த்தமில்ல.

சிலபேரு இதுக்காக கான்ஃபிக் ஃபைல்லயே நன் போட்டுட்டு மறந்துருவானுவ, எனக்கு அது சுத்தமா புடிக்காது. ஆறு மாசம் கழிச்சு எவனாவது டேபிளைத் தூக்கிட்டா தேடிப் பாக்க ஒண்ணும் இருக்காது.

இன்னொண்ணு, லாக் ஃபோல்டர் எங்க இருக்குன்னு பாரு. மாத்தலன்னா டேட்டா டைரக்டரிக்குள்ளதான் கெடக்கும், லாக் டிஸ்க்கை நெறச்சிட்டா வால் (ஒவ்வொரு மாத்தத்தையும் மொதல்ல எழுதி வைக்கிற ஃபைல்) எழுத எடமில்லாம சர்வரே படுத்துரும், அத முதல்ல வேற டிஸ்க்குக்கு மாத்து. எக்ஸ்டென்ஷன் அப்டேட்டுக்கும், டம்ப் (பேக்கப்) ரீஸ்டோருக்கும் இதே கூத்துதான், ரீஸ்டோர்னா பிஜிஆப்ஷன்ஸ்ங்கிற என்விரான்மெண்ட் வேரியபிள்ல பிஜிஆடிட்.லாக்கை நன்னு குடுத்து ஓட்டு. மொத்தத்துல நாலஞ்சு டேபிள்தான் முக்கியம்னா பிஜிஆடிட்.ரோல் வச்சு அதுகளை மட்டும் கண்காணிக்கலாம், ஆனா அதுல செலக்ட், இன்சர்ட், அப்டேட், டெலீட் மட்டும்தான் சிக்கும், டிரங்கேட் (டேபிளை மொத்தமா காலி பண்ணுறது) சிக்காது.

ஓடவிட்டுப் பாத்துட்டு லாக் சைஸ் எவ்வளவு வந்துன்னு எழுது. ஊருக்கு வரும்போது வடசேரியில எறங்குனதும் ஒரு போன் போடு, வண்டி எடுத்துட்டு வாறேன்.