31 நாளும் என்னைப் படுக்க விட்டவர்களுக்கு

பிள்ளை பிறந்து 31ஆம் நாள், துடக்குக் கழித்து வீடும் கழுவியாகிவிட்டது. போனைக் கையில் எடுக்க அம்மா விட்டதும் எழுதும் முதல் மடல் இதுதான்.

முதல் நன்றி மட்டக்களப்பு ஆரையம்பதியில் எங்கள் பகுதிக் குடும்பநல மாதுவுக்கு. நாங்கள் 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவோம். முதல் பத்து நாளைக்குள் இரண்டு தரம் வீட்டுக்கு வருவது அவவின் கடமை. அவ அதற்கு மேலும் வந்தா. வந்ததும் கையைக் கழுவிவிட்டு, ஒன்றும் பேசாமல் நான் பால் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பா. காம்பு வெடித்து, பிள்ளை அழுதாலே எனக்குப் பயம் வந்த நேரம் அது. "நீங்க குனியாதீங்க மகள், புள்ளைய உங்ககிட்ட எடுங்க" என்று முதுகுக்குத் தலையணை வைத்தா. பிள்ளையின் மூக்கைக் காம்புக்கு நேரே பிடித்து, வாயை ஆவென்று திறக்கும்வரை காத்திருந்து, சட்டென்று அணைக்கச் சொன்னா. நாடி மார்பில் முட்டியது, கறுப்புப் பகுதியும் வாய்க்குள் போனது. வலி விட்டது. புண்ணில் என் பாலையே தடவிக் காய விடச் சொன்னதும் அவதான்.

பார்க்க வந்த ஒருவர் "பால் காணாது, மாவைக் கரைச்சுக் குடு" என்று பால்மா டின்னோடு வந்திருந்தார். மிஸ் டின்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனைகிறதா என்று கேட்டா, பிள்ளையின் நிறையைப் பார்த்தா. பிறந்த நிறை முதலில் கொஞ்சம் இறங்குவது வழமை, இரண்டு கிழமைக்குள் பிடித்துவிடும் என்றா. பிடித்தது. 24 மணித்தியாலத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு தரம் குடிப்பது பசி தீராததால் அல்ல, பிள்ளை எடுக்க எடுக்கத்தான் சுரக்கும் என்று அம்மாவுக்கும் கேட்கும்படி சொன்னா.

அம்மாவுக்கு நன்றி சொன்னால் ஏசுவா. சரக்கு அரைத்த கறி, முருங்கையிலை, பால்சுறா மீன், வேப்பிலையும் நொச்சியும் அவித்த தண்ணியில் குளிப்பு என்று ஒன்றும் குறையவில்லை. தண்ணியைக் குறைத்துக் குடி என்ற பழைய கட்டுப்பாட்டை மட்டும், மிஸ் சொன்னதும் மறுபேச்சில்லாமல் விட்டா. எங்கள் ஊரில் எத்தனை பேர் அப்படி விடுவார்கள்?

பெரியம்மா படலையடியில் கதிரை போட்டு இருந்து, "புள்ளையும் தாயும் படுக்காங்க, மறுகா வாங்க" என்று ஆட்களைத் திருப்பி அனுப்பினா. கோபித்தவர்களும் உண்டு. அந்தக் கோபத்தையெல்லாம் தன் தலையில் வாங்கிக்கொண்டா. பிள்ளை தூங்கும்போது நானும் தூங்கினேன் என்றால் அது அவவால்தான்.

என்னோடு படிப்பிக்கும் காத்தான்குடி டீச்சர் என் வகுப்புகளைப் பார்த்துக்கொண்டதோடு நிற்கவில்லை. அவவிடமும் பால்குடிப் பிள்ளை. நடுச்சாமத்தில் "முழிப்பா?" என்று மெசேஜ் வரும். இரவுப் பாலை நிறுத்தினால் சுரப்பும் குறையும் என்று தெரிந்தும் கண் சொருகும் நேரத்தில், இன்னொருத்தியும் விழித்திருக்கிறாள் என்பது பெரிய ஆறுதல்.

கணவருக்கும் நன்றி. எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவது என்பதால் அவருக்கு ஓடி ஒளிய இடமில்லை. துணி தோய்த்தார், தோளில் போட்டு ஏப்பம் எடுக்கப் பழகினார், இப்போது என்னைவிட நன்றாகச் செய்கிறார்.

பெரியம்மா திருப்பி அனுப்பியவர்கள் கோபிக்காமல் வாருங்கள். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகென்றால் நல்லது, அதுவரை எங்கள் இருவருக்கும் நித்திரை. பால்மா வேண்டாம். பால்சுறா அம்பிட்டால் அம்மாவிடம் கொடுங்கள்.