செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: கடைவீதி இடமாற்றமும் மாற்று மனையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் கடைவீதி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நமது வியாபாரிகள் சங்கம் செய்த பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். வழக்கமாக இந்த அறிக்கையில் வடிகால், தெருவிளக்கு, சரக்கு இறக்கும் நேரம் ஆகியவை முதலில் வரும். இந்த முறை அவற்றைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன். கடைவீதியை நகருக்கு வெளியே மாற்றும் அரசின் திட்டத்தையும், அதற்கு ஈடாகத் தருவதாகச் சொல்லப்படும் மனைகளையும் விட்டு வேறு எதையும் ஆற அமரப் பேச இந்த ஆண்டு நேரம் கிடைக்கவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இடமாற்றமே கூடாது என்று சங்கம் சொல்லவில்லை. சங்கம் முட்டுக்கட்டை போடுகிறது என்று வெளியில் பேசுகிறவர்கள் நம் தீர்மானங்களைப் படித்துப் பார்க்க வேண்டும். இரும்பும் மரமும் பெயிண்டும் பட்டறையும் நெருக்கியடித்துக் கிடக்கும் இந்தச் சந்துகளின் ஆபத்து நம்மைவிட யாருக்குத் தெரியும்? சென்ற கோடையில் ஒரு பெயிண்ட் கிடங்கில் தீப்பிடித்தபோது தீயணைப்பு வண்டி தெருமுனையைத் தாண்டி உள்ளே வர முடியவில்லை. குறுக்கே நின்ற லாரியைப் பின்னெடுக்க, அதன் பின்னால் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாக விலக வேண்டியிருந்தது. முனையிலிருந்து குழாயை இழுத்துவந்து, நம் கடைப் பையன்களும் தோள் கொடுத்துத்தான் தீயை அணைத்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை. அன்று அங்கே நின்ற எவரும் இந்த வீதி இப்படியே இருக்கட்டும் என்று சொல்லமாட்டார்கள்.

நாம் கேட்பது வரிசை. தகுதியானவர் யார் என்று முதலில் முடிவாகட்டும். அவருக்கு அளந்து கல் நட்ட மனை, சாலையோடும் தண்ணீரோடும் மின்சாரத்தோடும், பத்திரத்தோடு கைக்கு வரட்டும். அதன் பிறகு இங்கே கடையைப் பூட்டுகிறோம். திட்டமோ இந்த வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறது. காலி செய்யும் கெடு முதலில் வந்தது. மனைப் பட்டியல் வரைவாகவே நிற்கிறது.

அந்த வரைவுப் பட்டியல்தான் இந்த ஆண்டின் பெரிய வேதனை. கடை யாருடையது என்பதற்கு மின் இணைப்பில் இருக்கும் பெயரை முதல் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். நம் வீதியில் பெரும்பாலான கடைகள் வாடகைக் கடைகள். மின் இணைப்பு கட்டட உரிமையாளர் பெயரில்தான் இருக்கும். பல இடங்களில் அவருடைய காலஞ்சென்ற தந்தை பெயரில் இருக்கும். விளைவு என்ன? தன் வாழ்நாளில் ஒரு நாள்கூடக் கல்லாவில் உட்காராதவர் பெயர் பட்டியலில் ஏறியது. காலை முதல் இரவு வரை ஆணியும் தாழ்ப்பாளும் எடைபோட்டு விற்கிறவரின் பெயர் எங்கும் இல்லை.

உறுப்பினர் ஒருவர் பட்டியலோடு சங்க அலுவலகத்துக்கு வந்தார். அவர் கையில் ஒரு துணிப்பை. அதற்குள் ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய வாடகை ரசீதுக் கட்டுகள். அவருடைய தந்தை காலத்து ரசீதுகள் மஞ்சளாகி, மடித்த இடத்தில் கிழியத் தொடங்கியிருந்தன. கூடவே விற்பனை வரிப் பதிவு, பிறகு வாட் பதிவு, 2017-க்குப் பின் ஜி.எஸ்.டி. சான்று, மாநகராட்சி வர்த்தக உரிமம் எல்லாம் அவர் பெயரிலேயே. "வரி வாங்கும்போது வியாபாரி என்றார்கள், மனை கொடுக்கும்போது யார் நீ என்கிறார்களே" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அப்படியே நம் ஆட்சேப மனுவின் முதல் பக்கத்தில் எழுதிவைத்தோம்.

இதே தவறு வேறு முகங்களிலும் வந்தது. கணவர் இறந்தபின் வெல்டிங் பட்டறையை நடத்திவரும் சகோதரி ஒருவரின் உரிமம் இன்னும் கணவர் பெயரிலேயே இருப்பதால் 'உரிமையாளர் இல்லை' என்று குறித்துவிட்டார்கள். பாகம் பிரிந்து நடுவில் பலகை அடித்துத் தனித்தனிக் கணக்கோடு வியாபாரம் செய்யும் அண்ணன் தம்பிக்குச் சேர்த்து ஒரே மனை. மாடியில் லேத் வைத்திருப்பவர்கள் கணக்கிலேயே வரவில்லை. கணக்கெடுக்க வந்தவர்கள் மாடி ஏறவில்லை.

கட்டட உரிமையாளர்களுக்கும் இதில் நியாயம் உண்டு. வாடகை நின்றுபோகும் என்ற அவர்களுடைய கவலை உண்மையானது, அவர்களில் சிலர் நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள். செயற்குழுவில் இதன்மேல் கடும் வாக்குவாதம் நடந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இறுதியில் பெரும்பான்மையோர் ஏற்றுக்கொண்ட நிலை இது: மாற்று மனை என்பது வியாபாரம் அறுந்துபோகாமல் இருப்பதற்காகத் தரப்படுவது, ஆகவே வியாபாரம் செய்கிறவருக்கே போக வேண்டும். உரிமையாளருக்கு இங்கே நிலமும் கட்டடமும் அப்படியே இருக்கின்றன; அவற்றை வேறு பயன்பாட்டுக்கு மாற்றும் அனுமதியை அரசு தாமதமில்லாமல் தர வேண்டும். அந்த இரண்டாவது கோரிக்கைக்காகவும் சங்கம் அதே முனைப்போடு வாதாடும்.

சட்டத்தில் நமக்கு எந்தப் பிடி இருக்கிறது என்று பலரும் கேட்டீர்கள். 2013-ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டத்தில் மறுவாழ்வு, மறுகுடியமர்வு பற்றி விரிவான ஏற்பாடுகள் உண்டு. ஆனால் நம் கடைவீதியில் யாருடைய நிலத்தையும் அரசு கையகப்படுத்தவில்லை. வியாபாரத்தை மட்டும் நகர்த்துகிறார்கள். அதனால் அந்தச் சட்டம் நமக்கு நேராகக் கை கொடுக்காது. நம் கடை வாசலில் தரையில் விரித்து விற்கும் நண்பருக்காவது 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. 30 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் அவரை அகற்ற முடியாது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் தெரு வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். ஷட்டருக்கு உள்ளே இருக்கும் நமக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. நமக்கிருப்பது அரசியலமைப்பின் 19(1)(எ) பிரிவு தரும் தொழில் செய்யும் உரிமை. அதன்மீது பொதுநலன் கருதி நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்று 19(6) சொல்கிறது. மனையைக் காட்டாமல் பூட்டச் சொல்வது நியாயமான கட்டுப்பாடா என்பதே உயர் நீதிமன்றத்தில் நாம் போட்ட ரிட் மனுவின் சாரம்.

தடையாணை கிடைக்கவில்லை. ஆனால் பட்டியலை இறுதி செய்யும் முன் ஆட்சேபம் தெரிவித்த ஒவ்வொருவரையும் நேரில் அழைத்து விசாரித்து, காரணம் குறிப்பிட்டு உத்தரவிட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சிலருக்கு இது போதாது என்று தோன்றுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'தகுதியில்லை' என்று ஒரே சொல்லில் தள்ளிவிட இனி முடியாது. எழுதிய காரணம் கையில் இருந்தால் அதை எதிர்த்து மேலே போக வழி உண்டு.

அடுத்தது மனை. புதிய இடத்தைப் பார்க்கச் சங்கத்தின் சார்பில் இரும்பு, மரம், பெயிண்ட், பட்டறை என்று தொழிலுக்கு ஒருவராகப் போய்வந்தோம். மழை விட்டுச் சில நாள்கள் ஆகியும் தாழ்வான பக்கத்தில் தண்ணீர் வடியவில்லை. மனை எண் எழுதிய கற்களில் சில சாய்ந்து கிடந்தன, சில இல்லவே இல்லை. ஒரு வரிசை மனைகளுக்கு நேர் மேலே உயர் அழுத்த மின்கம்பி போகிறது.

எல்லோருக்கும் ஒரே அளவாக 20 அடிக்கு 30 அடி மனை என்று வரைபடத்தில் போட்டிருக்கிறார்கள். சமமாகக் கொடுத்தால் நியாயம் என்று நினைத்திருக்கலாம். கட்டுமானக் கம்பி ஆலையிலிருந்து 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. அதாவது 39 அடிக்குச் சற்று மேல். 20-க்கு 30 மனையில் மூலைக்கு மூலை கிடத்தினாலும் கிடைப்பது 36 அடிதான். கம்பி ஏறாத மனையைக் கம்பிக் கடைக்காரருக்குக் கொடுத்து அவர் என்ன செய்வார்? அதே நேரத்தில் தாழ்ப்பாளும் கீலும் விற்கும் சில்லறைக் கடைக்கு அதில் பாதி போதும். நம் மரக்கடை உறுப்பினர் அங்கேயே டேப்பைப் பிடித்து அளந்து காட்டினார். கூட வந்த அலுவலர் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். தொழிலுக்கு ஏற்ப மூன்று அளவுகள் என்ற நம் கோரிக்கை பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்திருக்கிறது.

குலுக்கல் பற்றியும் நம் கருத்தை எழுத்தில் கொடுத்துவிட்டோம். எல்லா எண்களையும் ஒரே பானையில் போட்டுக் குலுக்கினால் இரும்புக்கடை ஒரு மூலைக்கும் அதை நம்பியிருக்கும் பட்டறை மறுமூலைக்கும் போகும். வீடு கட்டுகிறவர் ஒரே நடையில் கம்பி, ஆணி, பெயிண்ட், பலகை எல்லாம் விலை கேட்டு வாங்கலாம் என்பதற்காகத்தான் நம் வீதிக்கு வருகிறார். நமக்கு முதல் என்பது சரக்கு மட்டும் அல்ல, பக்கத்துக் கடையும்தான். ஆகவே தொழில்வாரியாகப் பகுதி பிரித்து, அந்தந்தப் பகுதிக்குள் மட்டும் குலுக்கல் நடக்க வேண்டும்.

ஒரே மனை எண் இருவருக்கு வந்த விஷயம் எல்லோருக்கும் தெரியும். முதல் பட்டியலில் ஒருவர், திருத்திய பட்டியலில் இன்னொருவர். இருவரும் நம் உறுப்பினர்கள். ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடாமல், இருவரும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுத்தார்கள். அந்தப் பெருந்தன்மைக்குப் பொதுக்குழு கைதட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதைவிடச் சிக்கலான ஒன்று அந்த நிலத்தின் பின்னணி. ஒரு பகுதி நிலத்தைக் கொடுத்த விவசாயக் குடும்பங்கள் இழப்பீடு பற்றி நடத்தும் வழக்கு முடியவில்லை. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தோம், சுத்தமாக இருக்கிறதே என்று சிலர் சொன்னீர்கள். வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள்தான் தெரியும். நீதிமன்றத்தில் நிற்கும் வழக்கு அதில் வராமல் போகலாம். அவர்கள் கணக்குத் தீராமல் நாம் அங்கே அடித்தளம் தோண்டினால், இங்கே நாம் படும் பாட்டை இன்னொருவர்மேல் ஏற்றியதாகிவிடும். அவர்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்து முடிக்கும்படி நம் மனுவிலேயே கேட்டிருக்கிறோம். ஒதுக்கீட்டு ஆணை வருவதற்கு முன்பே அதை வாங்கிக்கொள்வதாகத் தரகர்கள் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். தயவுசெய்து வெற்றுத் தாளில் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள்.

மற்ற இடங்களில் நடந்ததையும் துணைக்குழு தொகுத்தது. 1996-இல் சென்னைக் கொத்தவால்சாவடியின் மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனபோது, அதற்கென்றே மாநிலத்தில் தனிச் சட்டம் வந்தது. 295 ஏக்கரில் சந்தை கட்டி நின்றது. மொத்த வியாபாரிகள் திரளாகப் போனார்கள், வாங்குகிறவர்களும் பின்னால் வந்தார்கள். பாதிப் பேர் இங்கே, பாதிப் பேர் அங்கே என்று இழுபடுவதுதான் வியாபாரத்தைக் கொல்லும். டோக்கியோவின் சுகிஜி மீன் சந்தை 2016 நவம்பரில் டொயோசுவுக்கு மாறியிருக்க வேண்டும். முன்பு எரிவாயு ஆலை இருந்த அந்த நிலத்தில் மண்ணும் நிலத்தடி நீரும் கெட்டிருப்பது பற்றிய கேள்வி எழுந்ததும் ஆளுநர் யூரிகோ கொய்கே மாற்றத்தை நிறுத்திவைத்தார். 2018 அக்டோபரில்தான் புதிய சந்தை திறந்தது. இடம் தயாராகாவிட்டால் கெடுவைத் தள்ளிவைக்கலாம். அவ்வளவு பெரிய நகரமே அதைச் செய்தது.

தொழிலாளர்களை நம் கோரிக்கையில் சேர்க்க வேண்டுமா என்று விவாதம் எழுந்தது. சேர்த்தோம். 1996 ஜூலையில் டெல்லியில் 168 ஆலைகளை அப்புறப்படுத்தச் சொன்ன உச்ச நீதிமன்றம், புதிய இடத்துக்குச் செல்லும் தொழிலாளருக்குப் பணித் தொடர்ச்சியும் ஓராண்டு ஊதியத்தை இடமாற்ற ஊக்கத்தொகையாகவும் தரச் சொன்னது. நம்மிடம் மூட்டை தூக்குகிறவரும் மீன்பாடி வண்டி மிதிக்கிறவரும் எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்கள். காலையின் முதல் பஸ்ஸிலேயே அந்த இடத்துக்குப் போய்ச் சேர வழி வேண்டும், பெண்களுக்கும் ஆண்களுக்கும் கழிப்பறை வேண்டும், ஓய்வெடுக்க நிழல் வேண்டும் என்று எழுதியிருக்கிறோம்.

மற்ற பணிகள்: மேற்குச் சந்தின் வடிகால் தூர்வாரப்பட்டது. இரவு நேரச் சரக்கு இறக்கத்துக்குப் போக்குவரத்துக் காவல் துறையின் அனுமதி நீட்டிக்கப்பட்டது. தீ விபத்துக்குப் பின் தீயணைப்புத் துறையின் உதவியோடு கடை ஊழியர்களுக்குப் பயிற்சி நடத்தினோம். மறைந்த உறுப்பினர்களுக்குச் சங்கம் அஞ்சலி செலுத்துகிறது. தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்; வழக்குச் செலவுக்கென்று வந்த நன்கொடை தனிக் கணக்கில் இருக்கிறது, வேறு எதற்கும் எடுக்கப்படவில்லை.

இன்று உங்கள் முன் இரண்டு தீர்மானங்கள் வருகின்றன. மனை அளந்து, பத்திரம் பதிந்து, சாலையும் தண்ணீரும் மின்சாரமும் வந்தபின் எல்லோரும் ஒரே நாளில் மாறுவது என்பது முதலாவது. அதுவரை எவரும் தனியாகப் போய் உறுதிமொழிக் கடிதம் கொடுப்பதில்லை என்பது இரண்டாவது. இரண்டையும் ஒருமனதாக நிறைவேற்றித் தர வேண்டுகிறேன்.

நேரடி விசாரணைக்கு அழைப்பு வந்தவர்கள் வாடகை ரசீது, ஜி.எஸ்.டி. சான்று, வர்த்தக உரிமம், வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றை அசலோடு நகலும் எடுத்துவர வேண்டும். வாரிசுகள் வாரிசுச் சான்றைச் சேர்க்க வேண்டும். சங்க அலுவலகம் தினமும் மாலையில் திறந்திருக்கும். கோப்பை அடுக்கித் தர இளைஞர் குழுவினர் உட்கார்ந்திருப்பார்கள். மாடிப் பட்டறைக்காரர்கள் இன்று கூட்டம் முடிந்ததும் கலையாமல் இருங்கள். உங்கள் பெயர், தொழில், எத்தனை ஆண்டாக என்ற விவரத்தை இங்கேயே எழுதி எடுக்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்