பைக்குக்கு 60 பிஎஸ்ஐ கேஜ் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெட்ரோல் பங்க்கில் காற்று இலவசமாகக் கிடைக்கும்போது காற்றழுத்தம் அளக்கத் தனியாக ஒரு கேஜ் எதற்கு என்று பைக் வைத்திருப்பவர்கள் பலர் நினைக்கிறார்கள். வண்டியின் கையேட்டில் உள்ள அளவு, ஆறிய டயருக்கானது. பங்க்குக்குச் சில கிலோமீட்டர் ஓட்டிப் போவதற்குள் டயர் சூடேறி இரண்டு மூன்று பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) கூடிவிடும். அங்கே 28 வைத்தால் மறுநாள் காலையில் 25தான் இருக்கும். ஆகவே, வண்டியை எடுக்கும் முன் வீட்டு வாசலிலேயே அளக்க வேண்டும்.

கேஜ் வாங்கும்போது முதலில் டயலின் உச்ச அளவைப் பாருங்கள். பிழையை அந்த முழு அளவில் இத்தனை சதவீதம் என்றுதான் குறிப்பார்கள். 2 சதவீதம் என்றால் 60 பிஎஸ்ஐ கேஜில் 1.2 முன்பின் இருக்கும். 160 பிஎஸ்ஐ கேஜில் அதுவே 3.2. லாரிக்கும் ஆகும் என்று சொல்லி விற்பது பைக்குக்கு உதவாது. டயல் கேஜ் நடுப்பகுதியில்தான் நன்றாகக் காட்டும். 60 கேஜில் அது 15 முதல் 45 வரை; பைக் டயருக்கான அளவுகள் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும்.

அடுத்தது, வால்வில் பொருத்தும் முனை. முன்னால் பிரேக் டிஸ்க், பின்னால் ஸ்பிராக்கெட் (செயின் மாட்டும் பல்சக்கரம்), ஸ்கூட்டரிலோ சின்ன ரிம். இவற்றுக்கு நடுவே நேர் முனை வால்வில் சரியாக உட்காராது. சாய்த்து அழுத்தினால் காற்று போகும். டியூப்லெஸ் டயரின் ரப்பர் வால்வு அடியில் விரிசலும் விடும். 90 டிகிரி வளைந்த முனையும் ஒரு சாண் ஹோஸ் குழாயும் உள்ளதை வாங்குங்கள். காற்றைச் சிறிது சிறிதாக வெளியேற்றும் பொத்தான் இருந்தால் மிகவும் நல்லது.

டிஜிட்டல் கேஜ் 0.1 வரை காட்டுவதாலேயே அது துல்லியமானது என்று ஆகிவிடாது. சீட்டுக்கு அடியில் மாதக்கணக்கில் கிடந்தால் பேட்டரி தீர்ந்திருக்கும். டயல் கேஜ் கீழே விழுந்தால் உள்ளிருக்கும் வளைகுழாய் கோணிப்போகலாம். முள் பூஜ்யத்தில் நிற்காவிட்டால் அதை நம்பாதீர்கள். பென்சில் போன்ற குழாயிலிருந்து அளவுகோல் வெளியே நீளும் பென்சில் கேஜ் மலிவு, ஆனால் மண் புகுந்தால் அளவுகோல் சிக்கிக்கொள்ளும்.

அளக்கும்போது 'புஸ்' என்ற சத்தம் நீடித்தால் அந்த அளவைக் கணக்கில் எடுக்கக் கூடாது. இரண்டு முறை ஒரே அளவு வர வேண்டும். பைக் டயரில் காற்றின் கொள்ளளவு குறைவு; சிறு கசிவும் அளவை மாற்றிவிடும். சூடான டயரில் அளவு கூடியிருப்பதைப் பார்த்துக் காற்றை இறக்கவே கூடாது. டியூப் டயரில் காற்று குறைந்தால் டயர் ரிம்மில் வழுக்கி டியூப்பையும் இழுத்துக்கொண்டு போகும். வால்வு சாய்ந்து நிற்பது அதன் அடையாளம்; அப்படியே ஓட்டினால் வால்வு அடியோடு கிழியும்.

அளந்து முடித்ததும் வால்வு வாயில் ஒரு துளி சோப்புத் தண்ணீர் விடுங்கள். குமிழ் வந்தால் வால்வுக்குள் இருக்கும் பின்னை முடுக்குங்கள் அல்லது மாற்றுங்கள். பிறகு மூடியைப் போடுங்கள்.

இப்படிக்கு,
இருசக்கர வாகனப் பழுதுநீக்குநர், சேலம்